எந்த வாசல் வழியாக?

ஒருவருக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டால், எப்போது தெரியவந்தது என்று வினவுவது நம் மக்களின் வழக்கம். எந்த வழியாகத் தெரியவந்தது என்று வினவுவோர் அரியர். சிறு தொல்லைக்கென்று காட்டப் போன இடத்தில் மருத்துவர் ஐயுற்றுச் சொன்னாரா? ஊரில் நடந்த சோதனை முகாமில் கண்டார்களா? அல்லது நள்ளிரவில் உயிர் ஊசலாடத் தூக்கிச் சென்று, அவசரப் பிரிவின் கட்டிலில் கிடத்திய பிறகுதான் அப்பெயர் முதன்முதலாக அவர் காதில் விழுந்ததா? நோய் ஒன்றேயாயினும், இம்மூன்று வாசல்களில் நுழைந்த மூவருக்கும் எஞ்சிய நாள்கள் ஒரே அளவாய் அமைவதில்லை. சவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்று வரும் பணி நமக்கு வாய்த்த நாள்முதல் அந்த மூன்றாம் வாசலையே மிகுதியாகக் கண்டு வருகின்றோம். ஆதலின் இத்திங்கள் அதனைக் குறித்து வாசக அன்பர்களோடு சிறிது பேச விழைகின்றோம்.

நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என்பவை சவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் உள்ளவை. நாடு என்றதும் பெரிய நிலப்பரப்பை எண்ணிவிட வேண்டா. மலைமேல் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் தொகுதிக்கே அப்பெயர் வழங்குகின்றது. இங்கு வாழ்வோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். (இவர்களைக் கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளும் அன்பர்கள் இன்றும் உளர். இவர்கள் பேசுவது தமிழே.) சாமையும் புளியும் தேனும் இவர்தம் வாழ்வு. இதே மலைத்தொடரில், காவலூரில், 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் நின்று வானத்தை நோக்கிக்கொண்டிருக்கின்றது. அளவிடற்கரிய தொலைவிலுள்ள விண்மீனை அங்கிருந்து காண்கின்றார்கள். அதே மலையில் ஒரு தாயின் உடலுக்குள் பத்தாண்டுகளாக வளர்ந்ததைக் காண ஒருவரும் இல்லாது போயிற்று.

அத்தாயின் பெயரும் ஊரும் இங்கு வேண்டா. ஐம்பதைக் கடந்தவர், நால்வரைப் பெற்று வளர்த்தவர். கணவர் ஆண்டில் பாதி நாள் வெளிமாநிலக் காப்பித் தோட்டங்களில் கூலி வேலைக்குச் சென்று விடுவார். மாதவிலக்கு முற்றிலும் நின்று மூன்று ஆண்டுகள் ஆனபின் மீண்டும் அவ்வப்போது சிறிது உதிரம் காணத் தொடங்கிற்று. உடம்புச் சூடு என்று எண்ணி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். பிறகு நாற்றத்தோடு வெள்ளைப்பட்டது. யாரும் வராத நேரம் பார்த்து ஓடைக்குப் போய்த் துணி அலசினார். இடுப்பு வலித்தது, களையெடுத்ததால் வந்த வலி என்றிருந்தார். இடையில் ஒரு முறை அடிவாரத்தில் ஓரிடத்தில் அவ்வலிக்காகக் காட்டியுமிருக்கின்றார். மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். உதிரம் படுகின்றதா என்று அங்கே கேட்டவர் இல்லை. கேட்டிருந்தாலும், ஆடவர் பலர் சூழ்ந்து நின்ற அவ்விடத்தில் அவர் வாய் திறந்திருப்பாரா என்பது ஐயமே.

இவ்வாறு பதினான்கு திங்கள் கழிந்தன. ஐப்பசி மழையிரவு ஒன்றில் உதிரம் பெருகி, தண்ணீர் எடுக்க எழுந்தவர் வாசற்படியிலேயே மயங்கி வீழ்ந்தார். மருமகள் அலறிய ஒலி கேட்டு ஊர் கூடிற்று. போர்வையைக் கழியில் கட்டி, டோலியாக்கி, நான்கு இளைஞர் மாறி மாறித் தோள் கொடுத்துச் சேற்றுப் பாதையில் சுமந்து வந்தனர். தார்ச்சாலை தொடங்குமிடத்தில் 108 ஊர்தி காத்து நின்றது. அவ்வூர்தியினரை எவ்வளவு புகழினும் தகும். ஆனால் மழை பெய்த மண்பாதையில் ஏறிவர அவர்களாலும் இயலவில்லை.

மறுநாள் நண்பகல் நாம் மருத்துவமனைக்குச் சென்றபோது அவருக்கு மூன்றாம் பை இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே துணிச்சுருள் அடைத்து உதிரத்தை நிறுத்தியிருந்தார்கள். மருத்துவர் இளம் பெண். இரவு முழுவதும் கண் மூடாதவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. நம்மை ஓரமாக அழைத்து, கருப்பைக் கழுத்தில் புற்று என்றும், அது இடுப்பெலும்புச் சுவர்வரை பரவிவிட்டதென்றும், அறுவைக்கு இனி இடமில்லை என்றும் தாழ்ந்த குரலில் கூறினார். திசுவைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், எனினும் தமக்கு ஐயமில்லை என்றும் சொன்னார்.

கட்டிலருகே சென்றோம். அத்தாய் கண் விழித்து, "சாமி, ரத்தம் நின்னுபோச்சு. வீட்டுக்குப் போலாம்னு நீங்க சொல்லுங்க சாமி" என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கணும் அம்மா."

"நேத்து ராத்திரி வந்ததுதானே சாமி? வந்த மாதிரியே போயிடும்."

நேற்றிரவு வந்தது என்ற அச்சொல் அன்று முதல் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அவரைப் பொறுத்தவரை நோய் பிறந்த நாள் அந்த மழையிரவே. அதற்கு முன் நிகழ்ந்தவையெல்லாம் சூடு, களைப்பு, பெண்ணாய்ப் பிறந்ததன் பாடு. அவற்றுக்கு நோய் என்ற பெயரே அவர் இட்டதில்லை.

ஐந்து வாரக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று. அரசின் காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்குப் பணம் கேட்டார்கள் இல்லை. ஆயினும் உடனிருப்போர்க்குச் சோறும், தங்குமிடமும், இழந்த கூலியும் எந்த அட்டையிலும் அடங்குவன அல்ல. பதினேழு நாள் சிகிச்சை பெற்றார். சாமை அறுப்புக்கு ஆள் இல்லை என்று சொல்லி மலையேறியவர் மீண்டும் இறங்கவில்லை. அடுத்த தவக்காலம் முடியுமுன் அவரை அடக்கம் செய்தோம்.

இத்தகைய இறப்புகளைத் தலைவிதி என்று எண்ணி அமைவோருக்கு இங்கிலாந்து தேசத்து அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். புற்றுநோயாளர் ஒவ்வொருவரும் எந்த வாசல் வழியாக மருத்துவமனையை அடைந்தார் என்பதை அங்கே பதிவேடுகளைக் கொண்டு வகைப்படுத்தினார்கள். 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அவசர வாசல் வழியாகவே வந்திருந்தார். வீதிதோறும் குடும்ப மருத்துவர் இருக்கும் நாட்டில், கட்டணமின்றி மருத்துவம் கிடைக்கும் நாட்டில் இந்நிலை என்றால் வியப்பன்றோ! அவ்வாறு வந்தோருள் முதியோரும் ஏழைகளும் மிகுதி; ஓராண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தவர் தொகையோ மற்ற வழிகளில் வந்தோரைக் காட்டிலும் மிகக் குறைவு. அவ்வுண்மை அவர்களை நாணச் செய்தது என்றே சொல்லவேண்டும். எந்தெந்தக் குறி கண்டால் எத்தனை நாளுக்குள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்று குடும்ப மருத்துவர்களுக்கு வகுத்த நெறிகளை மேலும் மேலும் திருத்தினார்கள். குடலின் புற்றைக் கண்டறிய வீட்டிற்கே சோதனைப் பொருளை அஞ்சலில் அனுப்பினார்கள். மூன்று வாரம் நீங்காத இருமலை மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று மக்களுக்கு அறிவித்தார்கள். பத்தாண்டுகளில் நான்கில் ஒன்று என்பது ஐந்தில் ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. சிறிய இறக்கம் என்று தோன்றலாம். ஆண்டுதோறும் பல்லாயிரவர் நோயுறும் நாட்டில் அஃது எத்தனை குடும்பங்கள் என்று கணக்கிட்டால் சிறிதன்று.

2022ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியா, கனடா, டென்மார்க், நியூசிலாந்து, நார்வே, பிரிட்டன் ஆகிய ஆறு நாடுகளில் 2012 முதல் 2017 வரை உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல், மலக்குடல், கல்லீரல், கணையம், நுரையீரல், சினைப்பை ஆகிய எட்டு உறுப்புகளில் புற்றுக் கண்ட எட்டு இலட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகளை அதில் ஆராய்ந்தனர். அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்த 30 நாள்களுக்குள் நோய் தெரியவந்திருந்தால் அதனை அவசர வழி என்று கொண்டனர். மிகக் குறைந்த இடத்தில் 24 விழுக்காட்டினர். மிகுந்த இடமாகிய நியூசிலாந்தில் 42.5 விழுக்காட்டினர். இவை எளிதில் வெளிப்படாத புற்றுகள் என்பதால் தொகை இவ்வாறு உயர்ந்திருக்கின்றது. அவற்றுக்குள்ளும் பெரும் வேற்றுமை உண்டு. கணையப் புற்றில் 46 விழுக்காட்டினர் அவசர வாசலில் வந்தனர். மலக்குடற் புற்றில் 12 விழுக்காட்டினரே அவ்வாறு வந்தனர்.

இந்த வேற்றுமையை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். கணையம் வயிற்றின் ஆழத்தே முதுகெலும்பை ஒட்டிக் கிடப்பது. அங்கே வளரும் புற்று முற்றும்வரை வாய் திறவாது. சினைப்பையும் பெரும்பாலும் அப்படியே. அத்தகைய நோயாளர் திடீரென வீழ்ந்தால் அவரையோ வீட்டாரையோ குறை கூற யாருக்கும் உரிமை இல்லை. "முன்னமே பார்த்திருக்கக் கூடாதா?" என்று துக்க வீட்டில் வந்து கேட்போரைக் கண்டால் நமக்குச் சினம் மூளுவதுண்டு. ஆனால் மலக்குடல் இரத்தத்தால் பேசுகின்றது. மார்பகம் கட்டியால் பேசுகின்றது. வாய் ஆறாத புண்ணாலும் வெண்படையாலும் பேசுகின்றது. கருப்பைக் கழுத்தோ மற்றெல்லாவற்றினும் நெடுங்காலம் அவகாசம் தருகின்றது. பாப்பிலோமா என்னும் வைரஸ் தொற்றி, நீங்காது தங்கி, திசுவை மாற்றி, அது புற்றாய் முதிரப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டு அவகாசம் தந்த நோய் அவசரப் பிரிவில் முதன்முதலாய்க் கண்டறியப்படுகின்றது என்றால் அவசரம் நோயினுடையதன்று.

நம் நாட்டில் புற்றுநோயைப் பதிவு செய்யும் முயற்சி நன்றாகவே வேரூன்றியுள்ளது. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சென்னை நகரின் பதிவேடு 1982இல் தொடங்கிற்று. 2012இல் அமைந்த திட்டத்தின்வழி அது தமிழ்நாடு முழுமைக்கும் விரிந்தது. எந்த உறுப்பு, என்ன வயது, எந்த நிலை என்பன அவற்றில் ஏறுகின்றன. எந்த வாசல் வழியாக வந்தார் என்பது இங்கிலாந்தில் போல் வழக்கமாக ஏறுவதில்லை. ஆயினும் நிலையைக் கொண்டே வாசலை ஓரளவு உய்த்துணரலாம். தேசியப் பதிவேட்டுத் திட்டம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கருப்பைக் கழுத்துப் புற்றில் 60 விழுக்காட்டினரும், மார்பகப் புற்றில் 57 விழுக்காட்டினரும், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினரும் நோய் தோன்றிய இடத்தைக் கடந்து அண்டைப் பகுதிகளுக்குப் பரவிய பின்னரே மருத்துவமனை வந்தனர்.

ஏன் இவ்வளவு தாமதம்? அறியாமை என்று ஒரு சொல்லில் முடிப்பார்கள் படித்தவர்கள். நாம் அவ்வாறு எண்ணவில்லை. எந்தக் கிழங்கை எத்தனை முறை வேகவைத்து நச்சு நீக்கவேண்டும் என்று அறிந்த மக்களை அறியாதவர் என்பது எங்ஙனம்? அச்சமே பெரிது என்று நினைக்கின்றோம். குருவாகிய நமக்கு இவ்வச்சம் வேறோர் இடத்தில் நன்கு பழக்கமானது.

நம் பாட்டனார் காலத்தில் ஏழு தேவதிரவிய அனுமானங்களுள் ஒன்றை அவஸ்தைப் பூசுதல் என்று அழைத்தார்கள். சாகும் தறுவாயில் பூசுவது என்றே மக்கள் கொண்டனர். ஆதலால் குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் நடந்தால், யார் வீட்டுக்கோ முடிவு வந்துவிட்டது என்று அடுத்த வீட்டார் விளக்கேற்றுவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தில், இது சாவின் விளிம்பில் நிற்போர்க்கு மட்டும் உரியதன்று, நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறத் தக்கது என்று தெளிவாக்கிற்று. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான ஒழுங்கைத் தந்தார். நோயில் பூசுதல் என்று பெயரும் மாறிற்று. பெயர் மாறி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அழைக்கும் நேரம் மாறவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கிய பின்னரே இன்றும் நம் கதவைத் தட்டுகின்றார்கள். முன்னமே அழைத்தால் அப்பா பயந்துவிடுவார் சாமி என்பார்கள் பிள்ளைகள். குருவை அழைப்பது சாவை அழைப்பதாகும் என்னும் எண்ணம் அத்துணை ஆழமானது.

மருத்துவச் சோதனையையும் நம் மக்கள் அவ்வாறே காண்கின்றனர். பார்த்தால் இருக்கும், பார்க்காவிட்டால் இல்லை. இருக்கின்றது என்று ஆனால் பிறகு மீட்சி இல்லை. தம் ஊரில் புற்றுநோய் கண்டவர் எல்லாரும் முற்றிய நிலையில் சென்று, மாண்டு, பெட்டியில் திரும்பியதையே அவர்கள் கண்டிருக்கின்றார்கள். பிழைத்துத் திரும்பிய ஒருவரையேனும் கண்டவர் சிலரே. கண்ணாரக் கண்டதை நம்புவோரை மூடர் என்பது அறமாகாது. தாமதமாகச் செல்வதால் மாள்கின்றார்கள். மாள்வதைக் காண்பதால் அடுத்தவரும் தாமதிக்கின்றார். இச்சுழலை எவ்விடத்திலேனும் அறுத்தாக வேண்டும்.

அறுத்துக் காட்டிய இடம் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு என்பது பலர் அறியாதது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள நாற்பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துச் சோதனை செய்ய ஏற்பாடாயிற்று; முப்பத்தோராயிரத்துக்கு மேற்பட்டோர் முன்வந்தனர். பெரிய கருவி எதுவும் இல்லை. சமையலுக்குரிய வினிகரில் இருக்கும் அமிலத்தை நீர்த்த கரைசலாக்கிப் பஞ்சில் தோய்த்துத் தடவுவார்கள். மாறுபட்ட திசு இருந்தால் ஓரிரு நிமிடத்தில் வெண்மையாய்த் தோன்றும். பார்த்தறிந்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்களே. ஐயத்திற்குரியவர்களுக்கு அவ்விடத்தை உறையவைத்து அழிக்கும் எளிய சிகிச்சையும் தரப்பட்டது. 2007இல் முடிவு வெளியானபோது, சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்திருந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுதோறும் சென்று வாயைத் திறந்து பார்த்ததனாலேயே, புகையிலை, மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. மலைமேல் புகையிலை அடக்கும் நம் பெரியவர்களை நினைத்துக்கொள்கின்றோம்.

வழி தெரிந்தும் நடந்தவர் சிலரே. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களுள் கருப்பைக் கழுத்துச் சோதனையை வாழ்நாளில் ஒரு முறையேனும் செய்துகொண்டோர் இந்தியாவில் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ பத்துப் பேர். மற்றவர்களை நோக்க நாம் முன்னே நிற்கின்றோம் என்று பெருமை பேசலாம். எஞ்சிய தொண்ணூறு பேர்?

கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டு இருந்த வாசல்களும் அடைபட்டன. மார்ச்சு முதல் மே வரையிலான மூன்று திங்களில் நாட்டின் 41 புற்றுநோய் மருத்துவமனைகளில் புதிதாய்ப் பதிவு செய்துகொண்டோர் முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 54 விழுக்காடு குறைந்தனர். நோய் குறைந்ததால் அன்று. பேருந்து இல்லாததால், அஞ்சியதால். மலைக்கு அது புதுமையன்று. பேருந்து நின்றால் ஆள் இறங்கமாட்டார் என்பது இங்கு என்றும் உள்ள நிலை.

மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923இல் மலக்குடற் புற்றால் மறைந்தார். அத்துயரை அவர் மறக்கவில்லை. 1954இல் அடையாறு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. முப்பத்தோர் ஆண்டு ஒரு துயரத்தைச் சுமந்து நின்ற அப்பெருமாட்டியை எண்ணும்போது, மலையில் நமக்கு வரும் சோர்வு சிறிதாகிவிடுகின்றது.

2023ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, வாய், மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றின் புற்றுகளை முன்னரே கண்டறியும் திட்டத்தை ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் முதற்கண் தொடங்கிற்று. அவற்றுள் நம் மாவட்டமும் ஒன்றானது நம் மலைக்குக் கிடைத்த பேறு. எனினும் திட்டம் சாலை உள்ளவரையில்தான் ஊர்தியில் வரும். அதற்கு மேல் யாரேனும் நடக்கவேண்டும். நம் பகுதிச் செவிலியர் அம்மையார் நடக்கின்றார். அவரோடு நம் கன்னியர் இருவரும் நடக்கின்றனர். நாம் திருப்பலிக்குச் செல்லும் ஊர்களில் முன்னதாகச் சொல்லி வைக்கின்றோம். முதலில் பீடத்தருகே நின்று இதைப் பேசலாமா என்று உபதேசியார் முகம் சுளித்தார். கருப்பை என்ற சொல்லைக் கோயிலில் சொல்வது அவருக்கு ஒவ்வவில்லை. நாள்தோறும் அருள் நிறைந்த மந்திரத்தில் திருவயிற்றின் கனி என்று சொல்லித்தானே செபிக்கின்றோம் என்றோம். சிரித்துவிட்டார். இப்போது அவரே தம் மனைவியாரை முதலில் அனுப்பி வைத்திருக்கின்றார்.

உண்மையைச் சொன்னால், சோதனைக்கு வரச் செய்வதைவிடக் கடினமானது அதற்குப் பின் வருவதே. ஐயத்திற்குரியது என்று சொல்லப்பட்ட பெண் கீழே இறங்கிச் சென்று மறு சோதனை செய்யவேண்டும். திசுவின் முடிவுக்காகச் சில நாள் கழித்து மீண்டும் இறங்கவேண்டும். சிகிச்சை என்றால் மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று, துணைக்கு வருபவரின் கூலியும் போயிற்று. இந்தப் படிக்கட்டில்தான் நம்மவர் வழுக்கி, ஓராண்டோ ஈராண்டோ கழித்து அவசர ஊர்தியில் தோன்றுகின்றனர். ஆகவே பெயர்ப் பட்டியலைச் செவிலியர் அம்மையார் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கின்றார். யார் எந்தப் படியில் நிற்கின்றார் என்பது அதில் தெரியும். வேறு யார் கண்ணிலும் அந்நோட்டு படுவதில்லை. போக்குவரத்துச் செலவை நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்றிருக்கின்றனர்.

இதனை வாசிக்கும் தாய்மார்களுக்கு ஒன்றிரண்டு சொல்லவேண்டும். மாதவிலக்கு நின்ற பின் ஒரு துளி உதிரம் கண்டாலும், கணவனோடு கூடிய பின் உதிரம் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும் சூடு என்று சொல்லி அமர்ந்துவிட வேண்டா. மார்பில் வலியில்லாத கட்டி என்றால் அது வலிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டா. வலியில்லாத கட்டியே முதலில் காட்டத் தக்கது. ஆடவர்க்கும் சொல்வோம்: இரண்டு மூன்று வாரம் ஆறாத வாய்ப்புண், காரணமின்றி மாறிய மலப்போக்கு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றை மூலம் என்று தாமே தீர்ப்புக் கூறி நாட்டு மருந்துக் கடையில் நிற்க வேண்டா. இவற்றுள் பெரும்பாலானவை புற்றாக இரா. அதனைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். மருமக்களைச் சோதனைக்கு அனுப்பும் மாமியார் தாமும் உடன் செல்வது நன்று. வயதானவருக்கே தேவை மிகுதி.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருப்பத்தூருக்கு வண்டி இறங்குகின்றது. சென்ற திங்கள் நடந்த சோதனையில் ஐயத்திற்குரியவர் என்று குறிக்கப்பட்ட ஐவருள் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். ஐந்தாமவருக்கு நாற்பத்திரண்டு வயது. நேற்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் பேசினோம். சாமை அறுப்பு முடியட்டும் சாமி என்கின்றார். அவருடைய நிலம் கால் காணிக்கும் குறைவு. ஊர் இளைஞர் ஆறு பேர் வெள்ளிக்கிழமையே அதனை அறுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றனர். அன்று டோலி சுமந்த இருவர் அவர்களுள் உளர். அச்செய்தியோடு இன்று மாலை மீண்டும் அவர் வீட்டிற்குச் செல்கின்றோம்.